எங்கள் வீட்டு எம்.டி.

வாயால் வடை சுடுகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் மாமா வாயாலேயே ஒரு கேட்டரிங் கம்பெனி நடத்தினார். அதற்கு அவர்தான் எம்.டி. ஆள், அம்பு, அண்டா, குண்டா, டெலிவரி வேன் எல்லாம் அவருடைய லேப்டாப்புக்குள் இருந்தன. வெளியே இருந்தது என் அக்கா ஒருத்திதான்.

மாமா என்றால் அக்காவின் புருஷன். இப்போது அவர் எங்களோடு இல்லை. பதற வேண்டாம், உயிரோடுதான் இருக்கிறார், பெங்களூரில் அவருடைய தம்பி வீட்டு மாடியில். அங்கேயும் எதையோ எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. எழுதட்டும். தம்பி பெண்டாட்டிக்குச் சொந்தமாகக் கடை கண்ணி எதுவும் கிடையாது என்பதால் பெரிய சேதம் வராது.

ஆள் பார்க்க லட்சணமாக இருப்பார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நெற்றியில் மெல்லிய குங்குமக் கீற்று. சட்டைப் பையில் இரண்டு பேனா. தமிழ், தெலுங்கு, இங்கிலீஷ் மூன்றையும் கலந்து அவர் பேச ஆரம்பித்தால், பாகாலா ஸ்டேஷனில் ரயில் வரும்வரை கேட்டுக்கொண்டிருக்கலாம், ரயிலை விட்டாலும் விடலாம். சித்தூரில் ஒரு பைக் ஷோரூமில் வேலை பார்த்தவர். மேனேஜருக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்லி வேலையை விட்டார். அந்த மேனேஜருக்கு இப்போது மூன்று ஷோரூம் இருக்கிறது.

அவர் வேலையை விட்ட பிறகுதான் அக்கா திருப்பதிக்குப் போய் மெஸ் திறந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. முன்னால் நாலு மேஜை, பின்னால் அடுப்படி. சுத்த சைவம். மொட்டை போட்டுக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வரும் நம்மூர் ஜனங்களும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளும், "சாம்பார் நம்ப ஊட்டு சாம்பார் மாதிரியே கீதுக்கா" என்று சொல்லிச் சாப்பிடுவார்கள். அக்கா ஒன்றும் பெரிய சமையல் மேதை இல்லை. அவள் வைக்கும் ரசத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் புகார் உண்டு. ஆனால் அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்த இடம் ஒன்றுதான். ஆந்திர எல்லையோர நகரியில் எங்கள் நைனாவின் பவர்லூம் சத்தத்துக்குள் பிறந்து, புருஷன் வீட்டில் மாமியார் சத்தத்துக்குள் வாழ்ந்து, கடைசியில் தன் சத்தம் மட்டும் கேட்கிற ஒரு அடுப்படி அவளுக்குக் கிடைத்திருந்தது.

அந்த நாலு மேஜையில் ஒன்றை மாமா எடுத்துக்கொண்டார்.

காலை டிபன் கூட்டம் கலைவதற்கு முன்பே லேப்டாப்பை விரித்துவிடுவார். வாடிக்கையாளர்கள் தட்டை ஏந்தி நின்றுகொண்டு சாப்பிடுவார்கள். இவர் எழுந்திருக்க மாட்டார்.

"இன்னா மாமா, ஆபீஸ் தொறந்துட்டீங்களா?" என்று நான் போகும்போதெல்லாம் கேட்பேன். நான் சித்தூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். லீவு நாளில் அக்காவைப் பார்க்கத் திருப்பதி போவது வழக்கம்.

"சிரிம்மா, சிரி. நாளைக்கு இந்தக் கம்பெனில நீதான் எச்.ஆர்." என்பார்.

எல்லாம் ஒரு பயிற்சி வகுப்பில் ஆரம்பித்தது. சுயதொழில் செய்கிறவர்களுக்கு யாரோ திருப்பதியில் நடத்தினார்கள். போக வேண்டியது அக்கா. இட்லி மாவு புளிக்கும் வேளையில் கடையை விட்டுப் போக முடியாது என்று அவள் இவரை அனுப்பினாள். போனவர் சர்டிபிகேட்டும் கையுமாக வந்தார். எந்தத் தொழிலுக்கும் முதலில் பிசினஸ் பிளான் எழுத வேண்டுமாம். எழுதாமல் அடுப்பு மூட்டுவதே குற்றம் என்பதுபோல அக்காவைப் பார்த்தார். அவள் அதுவரை எழுதாமல்தான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

பிளானின் முதல் பக்கத்தைப் பார்த்து நைனா கேட்டார்: "மாப்ளே, சோறு ஆக்கினா ஜனம் வரும், துன்னும், போவும். இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ காயிதம்?"

"மாமா, இது மெஸ் இல்ல. ப்ராண்டு" என்று மாமனாரைத் திருத்தினார்.

நைனா காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையிடம் மரியாதையாக இருக்க வேண்டும் என்று அவரை வளர்த்தவர்கள் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

முதல் பிளானில் கம்பெனிக்கு அக்காவின் பெயர்தான் இருந்தது. அவள் அதைப் பக்கத்து வளையல் கடைக்காரி முதற்கொண்டு எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அடுத்த பிளானில் ஒரு சாமி பெயர் வந்தது. அதற்கடுத்ததில் இங்கிலீஷ் பெயர். ஏன் என்று நான் கேட்டேன். தடா பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் இருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பொம்பளை பெயரைக் காட்டினால் மெஸ் என்று நினைத்துவிடுவார்களாம். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு படம் போட்டிருந்தார். உச்சியில் இருந்த கட்டத்தில் அவர். கீழே மூன்று கட்டம் இறங்கி, 'கிச்சன்' என்று ஒரு கட்டம். அதற்குள் யார் பெயரும் இல்லை.

எந்தக் கேள்வி கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "அதெல்லாம் ப்ளான்ல கீது." மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? பிளானில் இருக்கிறது. மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால்? பிளானில் இருக்கிறது. ஒருநாள் மதியப் பந்தி நடுவே கேஸ் தீர்ந்துபோனது. அக்கா அடுப்படியிலிருந்து கத்துகிறாள். இவர் லேப்டாப்பைத் திருப்பி எனக்குக் காட்டுகிறார்: "பாத்தியா? ரிஸ்க்குன்னு தனியா ஒரு பேஜே போட்டுகீறேன். கேஸ் ஷார்டேஜ். மொத லைனே அதான்." அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து டீக்கடைக்கு ஓடி, ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். இவர் நகர்ந்து வழிவிட்டார். அதுவே பெரிய உதவி.

என் கல்யாணத்தையும் விட்டுவைக்கவில்லை. அதுதான் பைலட் ப்ராஜெக்டாம். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எழுந்து நின்று, சாப்பாடு நம் கம்பெனி பொறுப்பு என்று அறிவித்துவிட்டார். நைனா வேறு சமையல்காரரைத் தேடவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் கேட்டால், "ப்ளான்ல மொதக் கட்டம், பேஸ் ஒன்னு, இன்னும் முடியலையே மாமா, அவசரப்பட்டா குவாலிட்டி போய்டும்" என்றார். நைனா புத்தூருக்கு ஓடி, ஒரு சமையல்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கூட்டி வந்தார். முகூர்த்தத்தன்று மாமா பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அந்தச் சமையல்காரர் பக்கத்தில் நின்று, "உங்களுக்கு காம்பிட்டீஷன் யாரு?" என்று விசாரித்தார். அந்த மனிதர், "தள்ளுங்க சாமி, எண்ணெ காயுது" என்றார். நான் தாலி கட்டிக்கொண்ட நேரத்தைவிட அந்தப் பதில்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அக்காவுக்கு மட்டும் அவர்மேல் நம்பிக்கை குறையவே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவதெல்லாம் அங்கேதான். சொன்னால், "அவரு படிச்சவரு. பெருசா யோசிச்சிக்கினு கீறாரு. உனக்குப் புரியாது, நீ சும்மா இரு" என்பாள். புருஷன் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்லிக்கொள்வதைவிட, பெரிதாக யோசிக்கிறான் என்று சொல்லிக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியில் அவருக்கு ஒரு வாய்ப்பு கிடைத்துவிட்டது. கிடைத்திருக்கக் கூடாது. ஸ்ரீசிட்டியில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி, கேன்டீனுக்குப் புது ஆள் தேடிக்கொண்டிருந்தது. இவர் பேச்சில் மயங்கி, ஒரு வாரம் மதியச் சாப்பாடு போட்டுக் காட்டுங்கள், பிடித்தால் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு வாரச் சோதனைக்குத் திருப்பதி மெஸ்ஸையே காலி செய்ய வேண்டியதில்லை. கதவில் பூட்டைப் போட்டு, 'ஒரு வாரம் விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டால் போதும். ஆனால் பிளானில் 'சென்ட்ரல் கிச்சன்' என்று இருந்தது. அது ஸ்ரீசிட்டிக்குப் பக்கத்தில் வரதய்யபாளையத்தில் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. அங்கே ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தார். அண்டா, அடுப்பு, கிரைண்டர் எல்லாவற்றையும் மினி லாரியில் ஏற்றினார். சந்தில் இருந்த இடத்தை ஓனரிடம் ஒப்படைத்தார்.

"இதையும் வெச்சிக்கினு அதையும் பாத்துக்கலாமே மாமா? ஒரு வாரம்தானே?" என்று போனில் நான் கெஞ்சினேன்.

"ரெண்டையும் வெச்சிருந்தா போகஸ் போய்டும்மா."

போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். "சாவியக் குடுத்துட்டேன்டி" என்றாள். அடுத்த வாரமே அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறவன் வந்துவிட்டான்.

சோதனை ஒரு திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. நான் லீவு போட்டுவிட்டு ஞாயிறு மதியமே தடா வழியாகப் போய்ச் சேர்ந்தேன். கொட்டகை வாசலில் மாமா சிவப்புத் தொப்பிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். தொப்பியில் கம்பெனிப் பெயர் தங்க எழுத்தில் பளபளத்தது. அடுப்பு இன்னும் சரியாக எரியவில்லை, தொப்பி தயார். உள்ளே அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு கோழி கழுவிக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் அவள் கடைக்கென்று கோழி சமைத்ததில்லை.

"என்னக்கா இது?"

"பிரியாணி. மொத நாளே அசத்தணுமாம்."

மனசுக்குள் நாள் கணக்குப் போட்டேன். எங்கள் ஆபீசில் தெலுங்கு டீச்சர்கள் தீபாவளிக்கு மறுநாளிலிருந்தே முட்டையைக்கூடத் தொடாமல், அதிகாலையில் குளித்து விளக்கேற்றிவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது கார்த்தீக மாசம். நம் ஜனங்கள் புரட்டாசியில் கறி தின்னாததுபோல, அவர்கள் அந்த மாசம் முழுக்கத் தின்ன மாட்டார்கள். அதிலும் திங்கட்கிழமை என்றால் பாதிப் பேர் விரதம். நம் காலண்டரில் அப்போது ஐப்பசிதான் நடக்கும். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் இது தெரியும். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தால் போதும்.

மாமாவிடம் போனேன். "மாமா, நாளைக்கு கோழி வேணாம். தெலுங்குக்காரங்களுக்கு கார்த்தீக மாசம் நடக்குது. அதுவும் சோமவாரம்."

அவர் பொறுமையாகச் சிரித்தார். எனக்கு அவரிடம் பிடிக்காதது அந்தச் சிரிப்புதான். லேப்டாப்பைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். "இங்க பாரு. சீசன்னு தனி பேஜு. ஆடி கீது, புரட்டாசி கீது, தை பொங்கல் கீது. புரட்டாசி முடியட்டும்னுதான் நான் இவ்ளோ நாள் வெயிட் பண்ணினு இருந்தேன். ஐப்பசில எவன்மா கறி துன்ன மாட்டான்? நாக்கு ஊறிப்போய்க் கெடப்பான் ஒவ்வொருத்தனும்."

"அது நம்ம காலண்டர் மாமா. அங்க வேலை செய்யறவங்க பாதிக்கு மேல தெலுங்குக்காரங்க."

"அதெல்லாம் ப்ளான்ல கீது."

அக்காவைப் பார்த்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கோழித் துண்டுகளின் மேல் தயிரை ஊற்றிக்கொண்டே, "அவரு யோசிக்காமயா போட்டிருப்பாரு?" என்றாள். எனக்கு அந்த அண்டாவை எட்டி உதைக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் கேன்டீன். சிவப்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு நானும் அக்காவும் அண்டாவுக்குப் பின்னால் நின்றோம். பிரியாணி, சொன்னால் நம்ப மாட்டீர்கள், நன்றாகவே வந்திருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் ஆட்கள் திமுதிமுவென்று வந்தார்கள். முதலில் வந்தவன் மூடியைத் திறந்ததும் இரண்டடி பின்வாங்கினான். அடுத்து வந்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். வெங்காயப் பச்சடி இருக்கிறது என்று அக்கா சொன்னாள். தமிழ் ஆட்கள் கொஞ்சம் பேர் வாங்கிக்கொண்டு, மற்றவர்கள் முன்னால் தின்னக் கூச்சப்பட்டு, மூலையில் போய் உட்கார்ந்தார்கள்.

கேன்டீன் பொறுப்பாளர் ஒரு நடுவயதுக்காரர். நெற்றியில் விபூதி. குரலை உயர்த்தவே இல்லை. "ஏமண்டி, கார்த்தீக சோமவாரம் ரோஜு சிக்கனா?" என்று மட்டும் மாமாவிடம் கேட்டார். மாமா பிளானின் சீசன் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே, இனி வர வேண்டாம் என்று போன் வந்தது.

திரும்பி வந்த பிரியாணியை நானும் அக்காவும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தடாவுக்குப் போனோம். ஹைவே ஓரத்தில் நிறுத்தி, லாரிக்காரர்களுக்குச் சும்மாவே கொடுத்தோம். ஒரு பஞ்சாபி டிரைவர் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அக்கா அப்போதுதான் அழுதாள். மாமா வரவில்லை. கொட்டகையில் உட்கார்ந்து பிளானைத் திருத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு மெஸ் இல்லை. திருப்பதியில் அந்த விலைக்கு அப்படி ஒரு சந்து மறுபடி கிடைக்கவில்லை. திருச்சானூர் போகும் வழியில் ஒரே அறை வீடு. அதற்குள்ளேயே சமைத்து, யாராவது கேட்டால் கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்போதும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அவருக்கு நேரம் சரியில்ல" என்பாள். நேரம் சரியில்லாமல் போனது யாருக்கு என்று நான் கேட்டால், பேச்சை மாற்றிவிடுவாள்.

ஒரு வருஷம் போயிருக்கும். மெஸ்ஸில் முன்பு பார்சல் வாங்கிய ஒரு லெக்சரர், தன் காலேஜில் மாணவர்களுக்கு ஏதோ கூட்டம், மதியச் சாப்பாடு வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். கூடமாட ஒத்தாசைக்கு நானும் போனேன். சாம்பார் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். அண்டாக்களை ஹால் வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டு, கூட்டம் முடியட்டும் என்று ஜன்னலோரம் நின்றோம். உள்ளே மைக்கில் கேட்ட குரல் எங்களுக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

மாமா கோட்டுப் போட்டிருந்தார். யாரிடம் வாங்கியதோ. காலையில் ஒரு லெக்சர் இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாராம், எங்கே என்று சொல்லவில்லையாம். பின்னால் திரையில் அந்தக் கட்டம் கட்டமான படம். பிசினஸ் பிளான் எழுதுவது எப்படி என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா முகம் மலர்ந்துபோய், "பாத்தியாடி? கூட்டம் எவ்ளோ கீது பாரு" என்று என் கையைப் பிடித்தாள்.

ஒரு பெண் எழுந்து, அந்தக் கம்பெனி ஏன் நின்றுபோனது என்று தெலுங்கில் கேட்டாள். மாமா தண்ணீர் குடித்தார். பிளானில் ஒரு குறையும் இல்லை என்றார். கிச்சனில் இருந்தவர்கள் உள்ளூர் வழக்கத்தைக் கவனிக்காமல், கார்த்தீக மாசத்தில் கோழியைப் போட்டு எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார்கள் என்றார். படிப்பில்லாதவர்களை வைத்துத் தொழில் செய்தால் இப்படித்தான் ஆகும் என்றார். ஹாலில் சிரித்தார்கள்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "மீ கம்பெனிலோ வண்டிந்தி எவரு சார்?" என்றாள். உங்கள் கம்பெனியில் சமைத்தது யார் என்று கேட்கிறாள்.

"அது முக்கியம் இல்லம்மா. லேபர் எங்க வேணா கிடைப்பாங்க" என்று அவர் தெலுங்கில் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.

என் கையைப் பிடித்திருந்த கை விலகியது. நான் அக்கா பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. உள்ளே நுழைந்து அந்த மைக்கைப் பிடுங்கி, என் வாயில் வருவதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று கால் பரபரத்தது. அக்கா அண்டாக்களுக்குப் பின்னால் போய், கரண்டியை எடுத்துக்கொண்டு நின்றாள்.

கூட்டம் முடிந்து எல்லோரும் வரிசையில் வந்தார்கள். விருந்தாளி என்பதால் லெக்சரர் மாமாவை முன்னால் விட்டார். அக்காவைப் பார்த்ததும் மாமாவின் முகம் ஒரு நொடி வெளுத்தது. பிறகு சமாளித்துக்கொண்டார். அவரால் முடியாத சமாளிப்பா. யாரோ ஒரு சமையல்காரியிடம் நீட்டுவதுபோலத் தட்டை நீட்டினார்.

அக்கா அண்டாவை மூடினாள். "காலி ஆய்டுச்சு சார்" என்றாள்.

கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரை சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இவர் அவள் புருஷன் என்று தெரியாத லெக்சரருக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதுதானே இறக்கி வைத்தீர்கள் என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். நான் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதில் மும்முரமாக இருந்தேன். கோட்டுப் போட்ட மனிதர், வெறும் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, ஓரமாக நகர்ந்தார்.

அவருக்குப் பின்னால் அந்தக் கேள்வி கேட்ட பெண் நின்றிருந்தாள். அக்கா மூடியை எடுத்தாள். ஆவி பறந்தது.

"ராம்மா, வந்து துன்னு" என்று அவள் தட்டில் சாம்பார் சாதத்தைப் போட்டு, போதும் போதும் என்று அவள் சொல்லச் சொல்ல, இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.